பச்சை டிக்குக்குக் கீழே

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது மணி பதினொன்றரை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக வந்து தன் கைபேசியைச் சாப்பாட்டு மேசையில், அவளுடைய மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது நீ பண்ண ஆப்தானே?”

அன்று அவள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். “ஆமாம்பா. என்னாச்சு?”

“எனக்கு அப்பாயின்ட்மென்ட்டே இல்லையாம்.”

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இல்லையாமா? ஆறு வாரமா காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கு. அதெப்படி இல்லாமப் போகும்?”

“பேரைச் சொன்னேன். நம்பரைச் சொன்னேன். பொறந்த தேதியைக்கூடச் சொன்னேன். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு மூணு தடவை தட்டிப் பார்த்துட்டு, ‘நீங்க சரியாப் போடல போலிருக்கு சார்’னு சொல்லுது. எனக்குப் பின்னால இருவது பேர் நிக்கறாங்க. எல்லாரும் என்னைத்தான் பார்க்கறாங்க.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சுதானாம்.”

நாலு மாதம் என்றதும் அம்மா திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள்.

அப்பாவின் இடது கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. இரண்டு மாதத்துக்குள் லேசர் வைத்தாக வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். இந்தக் கோளாறில் வலி இருக்காது, கண் சிவக்காது. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போனது திரும்பாது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, டார்ச் வெளிச்சத்தில் கம்பி வடங்களைப் பார்ப்பவர். ஓரப் பார்வை இல்லாத ஆளை யாரும் அங்கே ஏற்ற மாட்டார்கள்.

இரண்டு மாதத்தில் ஆறு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

“நான் போட்டுத் தர்றேன்னு சொன்னேனேப்பா.”

“ஏன், எனக்குப் போடத் தெரியாதா? பொண்ணு பண்ண ஆப்பு, அதைக்கூட நான் தொடக் கூடாதா?”

அவள் கைபேசியை அவர் பக்கம் தள்ளினாள். “அன்னைக்கு எப்படிப் போட்டீங்களோ, அப்படியே இப்ப ஒரு தடவை போடுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

இது அவளுடைய தொழில் பழக்கம். புதிதாக ஒரு திரையை வரைந்தால் அதை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். அவர் தடுமாறுவார். பொத்தான் கண்ணெதிரிலேயே இருக்கும், அவர் வேறெங்கோ தேடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய விரல் தானாக நீண்டு “இங்கே” என்று காட்டிவிடும். காட்டினால் போச்சு. வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறவருக்கு யாருடைய விரலும் வந்து காட்டப் போவதில்லை. அதனால்தான் கைமேல் உட்காரப் பழகினாள். வாயை மூடிக்கொள்வதற்கு அவள் தனியாகப் பழக வேண்டியிருக்கவில்லை. அது பிறந்ததிலிருந்தே இருக்கிறது. ஆபீஸில் அவளுக்கு ‘மியூட்’ என்று பெயர்.

அப்பா தடித்த விரலால் அழுத்தினார். முதல் திரையில் கண் பிரிவு. இரண்டாவதில் டாக்டர். மூன்றாவதில் தேதி, நேரம். நான்காவதில் பெயரும் எண்ணும். எங்கேயும் தடுமாறவில்லை. அந்த நான்கு திரைகளையும் நூலகத்து வாசலிலும் துணி துவைக்கும் கடையிலும் பதினேழு பேரிடம் கொடுத்துப் பார்த்து, திருத்தித் திருத்தி வரைந்தவள் அவள்.

பிறகு ஒரு பச்சை வட்டம் மலர்ந்தது. அதற்குள் ஒரு வெள்ளைக் கோடு இடமிருந்து வலமாக இறங்கி ஏறி, டிக்காகி, ஒருமுறை லேசாகத் துள்ளி நின்றது. கீழே பெரிய எழுத்தில் ‘நன்றி!’

அப்பா கைபேசியை மேசையில் வைத்தார். “அவ்வளவுதான். அன்னைக்கும் இதேதான் வந்துச்சு. லிஃப்ட்ல பட்டன் எரிஞ்சா, வண்டி வரும்னு அர்த்தம். எரிஞ்சும் வரலைன்னா கோளாறு வண்டியில. அழுத்தினவன்கிட்ட இல்ல.”

அவள் கையை வெளியே எடுத்தாள். திரையை மேலே தள்ளினாள். பச்சை வட்டத்துக்குக் கீழே, நன்றிக்குக் கீழே, திரையின் விளிம்பைத் தாண்டி, சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து: ‘பதிவை நிறைவு செய்ய, விதிமுறைகளை ஏற்கவும்.’ அதற்கடியில் ஒரு பொத்தான். பதினைந்து நிமிடத்துக்குள் அதை அழுத்தாவிட்டால் நேரம் தானாக வேறொருவருக்குப் போய்விடும். போய்விட்டது என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

“இது எங்க இருந்துச்சு?” என்றார் அப்பா.

“கீழ.”

“எனக்கு ஏன் காட்டல?”

அவளிடம் பதில் இருந்தது.

அந்த டிக்கை அவள் இரண்டு நாள் வரைந்தாள். அந்தத் துள்ளலுக்கே அரை நாள் ஆனது. அவள் வரைந்து கொடுத்தபோது அதற்குக் கீழே எதுவும் கிடையாது. செயலி வெளிவருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, நோயாளிகளின் ஒப்புதல் வேண்டும் என்று ஆஸ்பத்திரி கேட்டது. புதிதாக ஒரு திரை சேர்க்க நேரம் இல்லை, அடியில் ஒட்டிவிடலாம் என்று ஒரு காணொளிக் கூட்டத்தில் மேனேஜர் சொன்னார். அவள் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். மைக் அணைந்திருந்தது. ‘டிக்கைப் பார்த்ததும் மூடிவிடுவார்களே’ என்று தட்டச்சினாள். அனுப்பவில்லை. அழித்துவிட்டாள். கூட்டம் முடிந்தது, எல்லோரும் கையசைத்தார்கள், அவளும் அசைத்தாள்.

ஐந்து மாதமாக அந்தச் சாம்பல் வரி அங்கேயே கிடக்கிறது.

*

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் நேராக ஹெல்ப்லைன் அக்காவின் மேசைக்குப் போனாள். செயலியில் சிக்கல் என்று கூப்பிடுகிற எல்லோரிடமும் பேசுகிறவர் அந்த அக்காதான். காலை எட்டரையிலிருந்து ஐந்தரை வரை பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசும்போதும் அவர் குரல் கரகரக்கும்.

“அக்கா, அப்பாயின்ட்மென்ட் இல்லாமப் போச்சுன்னு கூப்பிட்டவங்க லிஸ்ட் இருக்கா?”

“வாடி மியூட். அஞ்சு மாசமா இங்க உட்கார்ந்து கத்தறேன், இப்பதான் ஒருத்திக்குக் காது கேட்டிருக்கு.” அக்கா ஒரு பட்டியலைத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். வலது ஓரத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரே சொற்கள்: பயனர் தவறு. பயனர் தவறு. பயனர் தவறு.

“இப்படி எழுதச் சொன்னது யாரு?”

“யாரு சொல்லுவா? நிரல் எழுதற உங்க ஆளுதான். அதுல நாலு காரணம்தான் குடுத்திருக்கான். நெட் இல்ல, போன் பழசு, பாஸ்வேர்ட் மறந்துட்டாங்க, பயனர் தவறு. இதுல நான் எதைப் போடுவேன்? ‘எங்க தவறு’ன்னு ஒரு கட்டமே இல்லையே.”

அவள் நின்றபடியே படித்தாள். அக்கா ஒவ்வொருவர் சொன்னதையும் சுருக்கமாகக் குறித்துவைத்திருந்தார். ஏழு மாத கர்ப்பிணி, ஸ்கேன் நாள் தவறிவிட்டது. மூன்று பேருந்து மாறி வந்தவர், திரும்பிப் போகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண்தான் போட்டுக் கொடுத்தாள், ஒழுங்காகப் போடவில்லை என்று அவளைக் கண்டபடி திட்டிவிட்டேன், இப்போது பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவுக்குக் காது கேட்காது, நான்தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேன், மன்னிச்சிடுங்க.

மன்னிச்சிடுங்க என்ற சொல் அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தது. எண்ணினாள். நூற்று நாற்பத்து மூன்று பேர் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள்.

அவளுடைய காது மடல்கள் சூடேறின. கோபம் அவளுக்கு எப்போதும் காதில்தான் ஏறும், வாய்க்கு வராது.

அங்கிருந்து, ஆபீஸில் எல்லோரும் தாடி என்று கூப்பிடுகிறவனிடம் போனாள். செயலிக்கு நிரல் எழுதுகிறவன். திரைக்கும் முகத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு பிஸ்கட் இருக்கும்.

“ஒண்ணு கேக்கணும்.”

“உனக்குக் குரல் இருக்கா? இரு, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்.”

“நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேர் பதிவை முடிக்கறாங்கன்னு மேனேஜர் எல்லா மீட்டிங்லயும் காட்டறாரே. அந்தக் கணக்கை எங்க எடுக்கற?”

தாடி பிஸ்கட்டை இறக்கினான். “டிக்ல. நீ வரைஞ்ச டிக் வந்தா ஒண்ணு கூடும். முதல்ல இருந்தே அப்படித்தான்.”

“அதுக்குக் கீழ ஒரு பட்டன் வெச்சோமே. அது வந்ததுக்கு அப்புறம்?”

அவன் தாடியைச் சொறிந்தான். “கணக்கை நகர்த்தச் சொல்லி யாரும் சொல்லல.”

“இப்ப எடு.”

பத்து நிமிடம் ஆனது. திரையில் இரண்டு எண்கள் வந்தன. பச்சை டிக்கைப் பார்த்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. கடைசிப் பொத்தானை அழுத்தியவர்கள் எழுபத்தெட்டு. ஐந்து மாதத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு பேர் செயலியைத் திறந்திருந்தார்கள். பதினாறு சதவீதத்தை அவள் மனத்திலேயே பெருக்கிப் பார்த்தாள்.

“ஆயிரத்து நாப்பது பேர்,” என்றாள்.

“நாம டெஸ்ட் பண்ணோமே,” என்றான் தாடி. குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. “ஆபீஸ்லயே அஞ்சு பேர். எல்லாரும் கரெக்டா கீழ போய் அழுத்தினாங்க.”

“அவங்கதானே அதைக் கீழ வெச்சாங்க.”

*

மேனேஜர் நல்ல மனிதர். அதுதான் கோபத்தை இன்னும் கிளறியது. யாரிடமும் கத்த மாட்டார். எல்லோரையும் ‘மா’, ‘பா’ போட்டுத்தான் கூப்பிடுவார். அவள் காட்டிய எண்களைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நல்லாக் கண்டுபிடிச்சிருக்கம்மா. கண்டிப்பா சரி பண்ணிடலாம். ஆனா பாரு, வியாழக்கிழமை ஆஸ்பத்திரி நிர்வாகி மேடம் வர்றாங்க. அடுத்த மூணு வருஷத்துக்கு நம்மளையே வெச்சுக்கறதா இல்லையான்னு அன்னைக்கு முடிவாகிடும். அது முடியட்டும். அப்புறமா மெதுவா ஒரு அப்டேட் விடலாம். அதுவரைக்கும் எப்படிப் பதிவு செய்யறதுன்னு ஒரு வீடியோ போட்டுடலாம். ஜனங்களையும் கொஞ்சம் பழக்கணும் இல்லையா.”

“சார், வியாழக்கிழமை வரைக்கும் தினமும் ஆறேழு பேர்…”

“புரியுதும்மா.”

“எங்க அப்பாவும் அதுல ஒருத்தர்.”

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உண்மையாகவே பதறிவிட்டார். என்ன, எந்தக் கண், எந்த டாக்டர் என்று விசாரித்தார். பிறகு முகம் தெளிந்தது. “இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் பார்த்துக்கறேன். வியாழக்கிழமை நல்லபடியா முடியட்டும், மேடம்கிட்ட நானே ஒரு வார்த்தை சொல்றேன். வெள்ளிக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போ. சரியா?”

நல்லபடியாக முடியட்டும். அந்தச் சொற்களை அவர் அழுத்திக்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

“சரிம்மா?” என்றார் மறுபடியும்.

அவள் தலையை ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது அம்மா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். “அந்த மனுஷன் நல்லா இருக்கணும். வெள்ளிக்கிழமைதானே? நான் லீவு சொல்லிடறேன்.”

“அதுக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்மா.”

“அதென்ன உனக்குப் புதுசா? பொறந்ததுல இருந்து அதைத்தானே பண்ற. இன்னும் ஒரு நாள் மூடிக்கோ.”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் மட்டும் தட்டைப் பார்த்தார். இப்போதெல்லாம் அப்படிச் சோதித்துப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகியிருந்தது. தட்டின் இடது ஓரத்தில் வைத்திருந்த பொரியலை விரல் தடவித்தான் கண்டுபிடித்தது. “வெள்ளிக்கிழமைன்னா நல்லதுதான்,” என்றார்.

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். சோப்பு போட்டு, அலசி, மறுபடி சோப்பு போட்டாள். மேனேஜர் மேல் கோபம். அம்மா மேல் கோபம். வெள்ளிக்கிழமை நல்லதுதான் என்று சொன்ன அப்பா மேலும் கோபம், அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதால் இன்னும் அதிகமாக. எல்லாவற்றையும்விட, இடமிருந்து வலமாக இறங்கி ஏறித் துள்ளுகிற அந்த வெள்ளைக் கோட்டின் மேல்.

*

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நிர்வாகி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கண்ணாடி தொங்கியது, தோளில் பெரிய கைப்பை. நாற்காலியில் உட்கார்ந்ததும், “எனக்குப் பன்னெண்டரைக்கு இன்னொரு மீட்டிங். சுருக்கமாச் சொல்லுங்க,” என்றார்.

சின்ன அறை. ஆறு நாற்காலி, சுவரில் பெரிய திரை. மேனேஜர் முன்னால் நின்றார். தாடி கணினியை இயக்கினான். ஹெல்ப்லைன் அக்கா கதவோரம். அவள் நிர்வாகிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த இடம் மேனேஜருக்காக வைத்திருந்தது.

திரையில் 94 என்ற எண் ஆள் உயரத்துக்கு நின்றது.

“நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேர், மேடம், எந்தத் தடங்கலும் இல்லாம…” என்று மேனேஜர் ஆரம்பித்தார். அவர் கண் ஒருமுறை அவள் பக்கம் வந்து போனது. அன்பான பார்வைதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்ன பார்வை.

முந்தின இரவு ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். இப்போது அதில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. நினைவில் இருந்தது ஒரு வாக்கியம்தான், நூலக வாசலில் நூறு தடவை சொன்னது.

“உங்க போன்ல நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்.”

மேனேஜர் பேச்சை நிறுத்தினார். நிர்வாகி திரும்பிப் பார்த்தார்.

“டெமோ இருக்கும்மா,” என்றார் மேனேஜர். “தாடி… அதாவது, தம்பி திரையில காட்டுவார்.”

“இல்ல, அந்தப் பொண்ணு சொல்றதும் சரிதான்,” என்றார் நிர்வாகி. “ஆப் வந்து அஞ்சு மாசம் ஆச்சு, நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. எனக்கும் கண்ணு காட்டணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியை எடுத்தார்.

அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தாள்.

கண் பிரிவு. டாக்டர். தேதி. பெயர். நிர்வாகி சரசரவென்று அழுத்தினார். பச்சை வட்டம் மலர்ந்தது, டிக் துள்ளியது. “அட, அழகா இருக்கே,” என்றார்.

மேனேஜரின் விரல் நீண்டது. “மேடம், அப்படியே கொஞ்சம் கீழ…”

“சார், வேணாம்.” அவள் குரல் கீச்சென்று வந்தது. “வீட்ல தனியா உட்கார்ந்து போடறவங்களுக்கு நாம பக்கத்துல இருந்து காட்ட மாட்டோம்.”

மேனேஜரின் விரல் காற்றில் நின்றது. நிர்வாகி அதைக் கவனிக்கவில்லை. அதற்குள் கைபேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டார். “முடிஞ்சுது. ரொம்ப சுலபமா இருக்கு. ம், நீங்க சொல்லுங்க.”

அறையில் நான்கு பேருக்கு விஷயம் தெரியும். நான்கு பேரும் அந்த ஜிப்பைப் பார்த்தார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. அவளுடைய கைகள் மரத்துப்போகத் தொடங்கின, ஆனாலும் அவற்றை எடுக்கவில்லை. மேனேஜர் பேசினார். மூன்று வருடத் திட்டம் என்றார், மற்ற ஆஸ்பத்திரிகள் என்றார். நெற்றியில் வியர்வை பொடித்தது. இரண்டு தடவை, “மேடம், அந்த போனை ஒரு நிமிஷம்…” என்று ஆரம்பித்தார். இரண்டு தடவையும் நிர்வாகி, “அதான் முடிஞ்சிடுச்சே, நீங்க மேல சொல்லுங்க,” என்றார். தாடி மேசையைப் பார்த்தபடி ஒரு பிஸ்கட்டைச் சத்தம் வராமல் கடித்தான். அக்கா கதவில் சாய்ந்து கைகட்டி நின்றார்.

பதினொன்று இருபத்தாறுக்கு அவள் சொன்னாள்: “இப்ப உங்க அப்பாயின்ட்மென்ட்டைத் திறந்து பாருங்க.”

நிர்வாகி ஜிப்பைத் திறந்தார். கைபேசியை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பதிவு எதுவும் இல்லைன்னு வருதே,” என்றார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். “நான்தான் எங்கயோ தப்பா அழுத்திட்டேன் போல. மன்னிச்சுக்குங்க.”

மன்னிச்சுக்குங்க. ஓர் ஆஸ்பத்திரியையே நடத்துகிறவர், அவரும் அதைத்தான் சொல்கிறார். அவள் காதிலிருந்த சூடு அப்போதுதான் முதல்தடவையாக வாய்க்கு இறங்கியது.

“நீங்க எதுவும் தப்பா அழுத்தல.” எழுந்து நின்றாள். கையில் ரத்தம் ஓடிக் குறுகுறுத்தது. “முடியறதுக்கு முன்னாலயே முடிஞ்சிடுச்சுன்னு டிக் காட்டறது தப்பு. ஒப்புதல் பட்டனைக் கீழ ஒளிச்சு வெச்சது தப்பு. இந்த மாதிரி ஆயிரத்து நாப்பது பேர் டிக்கைப் பார்த்துட்டு போனை மூடியிருக்காங்க. அத்தனை பேரையும் சேர்த்துத்தான் அந்தத் தொண்ணூத்தி நாலு. அதுல பாதிப் பேருக்கு அப்பாயின்ட்மென்ட் போனதே உங்க கவுன்ட்டர்ல வந்து நின்னப்பதான் தெரிஞ்சிருக்கும். அங்க அவங்ககிட்ட என்ன சொல்றாங்க தெரியுமா? நீங்க சரியாப் போடல போலிருக்குன்னு. எங்க லிஸ்ட்ல என்ன எழுதியிருக்கோம் தெரியுமா? பயனர் தவறு. முந்நூத்திப் பன்னெண்டு தடவை எழுதியிருக்கோம். நூத்தி நாப்பத்தி மூணு பேர் நம்மகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்காங்க. நாமதான் கேட்டிருக்கணும்.”

மேனேஜர் மெல்ல, “உட்காரும்மா,” என்றார்.

“உட்கார்ந்துதான் சார் இவ்வளவும் ஆச்சு.”

நிர்வாகியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “அந்த ஒப்புதல் வேணும்னு கேட்டது நாங்கதான்,” என்றார்.

“கேட்டது நீங்க. அவசரத்துல அடியில ஒட்டினது இவங்க. டிக்கை வரைஞ்சது நான். இது இப்படித்தான் ஆகும்னு தெரிஞ்சும், மைக்கை அணைச்சு வெச்சுக்கிட்டு சும்மா இருந்ததும் நான்தான்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “எங்க அப்பாவோட அப்பாயின்ட்மென்ட்டும் இதுல போச்சு. நாளைக்கு அவருக்கு மட்டும் தனியா நேரம் வாங்கித் தர்றதா சார் சொல்லியிருக்காரு. அவர் ஒருத்தருக்குக் குடுத்தா மத்தவங்க யாருகிட்ட போய்ச் சொல்லுவாங்க?”

கதவோரத்திலிருந்து அக்கா வந்து, அச்செடுத்த பட்டியலை நிர்வாகியின் முன்னால் வைத்தார். பதினான்கு தாள். நிர்வாகி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பன்னிரண்டரைக் கூட்டத்தை அவர் மறந்தே போனார்.

*

அந்த வாரமே தாடி ஒப்புதல் வரியை முதல் திரைக்கு ஏற்றினான். டிக்குக்குக் கீழே இப்போது ஒன்றுமில்லை. ஆயிரத்து நாற்பது பேரையும் ஆஸ்பத்திரியே கூப்பிட்டுப் பேசியது. யாருக்கு அவசரம் என்று டாக்டர்கள் பட்டியலைப் பிரித்தார்கள், சனிக்கிழமைகளில் கூடுதலாக உட்கார்ந்தார்கள். மேனேஜரின் மூன்று வருடம் ஒரு வருடமாகச் சுருங்கியது. அவர் இப்போதும் அவளை ‘மா’ போட்டுத்தான் கூப்பிடுகிறார், கூப்பிட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. அம்மா அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. பட்டியல்படி அப்பாவின் முறை வந்தது ஐந்தாவது சனிக்கிழமை. லேசர் வைத்தார்கள். அழுத்தம் இறங்கியது. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு துண்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. எப்போது போனது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். முதல் தேதியிலேயே பார்த்திருந்தால் நின்றிருக்குமா என்று அவள் கேட்டாள். “நின்னிருக்கலாம்,” என்றார். லிஃப்ட்டின் கூரைமேல் இனி வேண்டாம், கீழே நின்று செய்கிற வேலை ஏதாவது பார்க்கலாம் என்றார்.

நடைபாதை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி காட்ட வேண்டும்.

“நானே போடறேன்,” என்றார் அப்பா.

அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அப்பா கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்து, இடது ஓரத்தைப் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். விதிமுறை. கண் பிரிவு. டாக்டர். தேதி. பெயர். பச்சை வட்டம் மலர்ந்தது. டிக் வந்தது. துள்ளலை அவள் எடுத்துவிட்டிருந்தாள்.

அப்பா கைபேசியை வைக்கவில்லை. கட்டைவிரலால் திரையை மேலே தள்ளினார். கீழே ஒன்றுமில்லை. மறுபடி தள்ளினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடியும் தள்ளினார்.

“நிஜமாவே முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுப்பா.”

அவர் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, சுவரை ஒரு கையால் தடவியபடி நடந்துபோய், கவுன்ட்டர் வரிசையில் கடைசி ஆளாக நின்றார். அவருக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைபேசி, ஒவ்வொன்றிலும் அவள் வரைந்த பச்சை. கேட்டு உறுதி செய்துகொள்ள வந்து நிற்கிறார்கள்.

அவள் கையை வெளியே எடுக்கவே இல்லை. அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.